சிலிப்பர் கட்டைக்கு எந்தப் பூச்சு நிற்கும்? ஏற்காட்டில் மூன்று மழைக்காலம் பார்த்தபின்

தோட்டத்துப் படிக்கோ பெஞ்சுக்கோ, தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடந்த பழைய ரயில்வே சிலிப்பர் கட்டை வாங்கிப் போட்டுவிட்டு, மேலே பளபளவென்று வார்னிஷ் அடிக்கலாம் என்று இருப்பவர்கள் டப்பாவைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அடித்தேன். அடித்ததைச் சுரண்டி எடுக்க மட்டும் ஒன்பது நாள் ஆனது. அதற்கப்புறம் வேறு மூன்று பூச்சுகளையும் பூசிப் பார்த்தாயிற்று, மூன்று மழைக்காலமும் போயிற்று. எது நிற்கும், எது நிற்காது, எதைப் பூசினாலும் தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகும் என்று இப்போது தைரியமாகச் சொல்ல முடியும்.

இடம் ஏற்காடு, நாகலூர் போகும் பாதையில் மாமாவுடைய காப்பித் தோட்டம். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுவது செம்மண் சரிவு, மழை வந்தால் கால் வைக்க முடியாது. கல்படி போட்டுவிடலாம் என்றுதான் மாமா சொன்னார். சிலிப்பர் கட்டை போடலாம் என்றது நான். அப்பா ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளப் பராமரிப்பு ஆளாக இருந்தவர், விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில் வாழப்பாடிக்கும் ஆத்தூருக்கும் இடையில் வெயிலும் மழையும் பாராமல் நடந்தவர். அந்தக் கட்டை மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, அதை மறைக்க ஒன்றும் இல்லை.

சேலத்தில் ஒரு பழைய மரக்கடையில் 22 கட்டை எடுத்தோம். ரயில்வே கழித்துக் கட்டும் சாமானை ஏலம் விடுகிறது, ஏலம் எடுத்தவர்களிடமிருந்து இப்படிக் கடைகளுக்கு வருகிறது. இப்போது பாதை முழுக்கக் கான்கிரீட் கட்டைதான் என்பதால் மரக்கட்டை வரத்து குறைந்துகொண்டே போகிறது, நல்லதாகக் கிடைத்தால் விடாதீர்கள். அகலப் பாதைக் கட்டை 275 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 13 செ.மீ. கனம். நல்ல சால மரமென்றால் ஒன்றே 75 கிலோ வரும். இருபது கொண்டை ஊசி வளைவில் அதை ஏற்றிக்கொண்டு போக மினி லாரி இரண்டு நடை அடித்தது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, பூச்சைவிட அதுதான் முக்கியம். சிலிப்பர் கட்டையில் இரண்டு சாதி. தேக்கு, சால், இருள் என்கிற மரம் மாதிரி வைரம் பாய்ந்ததை மருந்து ஏற்றாமல் அப்படியே பாதையில் போடுவார்கள். சீர் பைன் மாதிரி மென்மரத்துக்குக் கிரியோசோட் என்கிற தார் எண்ணெயை அழுத்தத்தில் ஏற்றித்தான் போடுவார்கள். 1838-இல் ஜான் பெத்தல் என்பவர் காப்புரிமை வாங்கிய முறை அது. உருளைத் தொட்டிக்குள் கட்டைகளை அடைத்து, எண்ணெயை விட்டு, அழுத்தத்தைக் கூட்டினால் மரத்துக்குள் ஆழமாக இறங்கும். இந்தியாவில் இதற்கென்று சில ஆலைகள் இருந்தன, நமக்குப் பக்கத்தில் இருந்தது பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டில். பூச்சு என்று பார்த்தால் இதைவிட வலுவான காப்பு கிடையாது. ஆனால் அந்த எண்ணெயில் இருக்கும் சில பொருட்கள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. ஐரோப்பாவில் 2003-லேயே பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் குழந்தைகள் விளையாடும் இடம், கீரைப் பாத்தி, உட்காரும் பெஞ்சு, இதற்கெல்லாம் தார் ஏற்றிய கட்டை வேண்டவே வேண்டாம். வெட்டின துண்டை அடுப்பில் எரிக்கவும் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பா கடைக்கே வந்து ஒவ்வொரு கட்டையாகக் கத்தி முனையால் கீறி முகர்ந்து பார்த்தார். "வெயில்ல போட்டா எண்ணெய் கக்கும் பாரு, அதுதான் மருந்துக் கட்டை" என்றார். நுனியில் ஒரு துண்டு அறுத்துப் பார்த்தால் வெளி விளிம்பைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரியும், உள்ளே மரத்தின் சொந்த நிறம் இருக்கும். எங்கள் 22-இல் நான்கு அப்படி. அவற்றை வீட்டுப் பக்கம் கொண்டுவராமல் ரோட்டோரத்தில் மண்சரிவைத் தாங்கப் போட்டுவிட்டோம். அந்த நான்குக்கு எந்தப் பூச்சும் பூசவில்லை, பூசினாலும் பிடிக்காது. பெயிண்ட் அடித்தால் சில வாரத்தில் தார் பழுப்பாகக் கசிந்து மேலே வந்துவிடும். விற்கிற ஆள் "பெயிண்ட் அடிச்சா வாசனை போயிடும்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

மீதி 18-இல் 14 படிக்கு, மூன்று பெஞ்சுக்கு, ஒன்று வெட்டிச் சோதனை பார்க்க. மூன்று பெஞ்சில் ஒன்று சேலத்தில் சூரமங்கலம் வீட்டு மொட்டை மாடியில் கிடக்கிறது. அது அங்கே இருந்ததால்தான் ஒரு விஷயம் புரிந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் வார்னிஷ். வெளிப்புறத்துக்கு என்று எழுதியிருந்த பாலியூரித்தேன் வார்னிஷ், நல்ல விலை. மேல் நான்கு படிக்கும் ஒரு பெஞ்சுக்கும் அடித்தோம். அடித்தது சேலத்திலிருந்து கூட்டிப்போன ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டர். அவர் வந்தது நவம்பர் கடைசியில், முந்தின நாள் மழை, கட்டை ஈரம். "காஞ்சிடுங்க" என்றார், நானும் சரி என்றுவிட்டேன். முதல் பத்து நாள் அதைப் பார்க்க ஆள் வந்தார்கள், உண்மையிலேயே அவ்வளவு அழகு. சால மரத்தின் செம்பழுப்பு, ஆணித் தடம், ரேகை எல்லாம் கண்ணாடிக்குள் வைத்தமாதிரி. தை பிறப்பதற்குள் ஓரங்களில் பால் மாதிரி வெளுத்துக் கொப்புளம் விட்டது. ஏப்ரலில் கோடை மழை இரண்டு பெய்ததும் தோல் உரிகிறமாதிரி உரிந்தது. உரிந்த இடத்துக்குக் கீழே மரம் கறுப்பு.

ஈரத்தில் அடித்ததுதான் காரணம் என்று நினைத்து, அடுத்த மார்ச்சில் அந்தப் பெஞ்சைச் சுத்தமாகச் சுரண்டி, நன்றாக வெயிலில் காயவைத்து, திரும்ப அதே வார்னிஷை நானே அடித்தேன். இந்த முறை ஒரு வருடம் தாங்கியது, அவ்வளவுதான். ஆக, ஆளைச் சொல்லிப் பயனில்லை, பொருளே இந்த வேலைக்கு உரியது இல்லை. கதவு, ஜன்னல் சட்டம் என்றால் மெல்லிய, காய்ந்த பலகை, அதிகம் அசையாது. சிலிப்பர் கட்டை 13 செ.மீ. கனம். அது ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதும் இல்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறியில்தான் கட்டையில் நீளவாக்கில் வெடிப்பு விடுகிறது. வெடிப்பு விரியும்போது மேலே இருக்கிற வார்னிஷ் படலமும் அந்த இடத்தில் கிழியும். கிழிந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் மற்ற இடமெல்லாம் மூடியிருப்பதால் வெளியே வர வழியில்லை. மழையில் நனைந்த சட்டைக்கு மேல் ரெயின்கோட் போட்டமாதிரிதான்.

வெயிலின் பங்கும் இருக்கிறது. நிறமில்லாத வார்னிஷ் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே போய், மர நாரை ஒட்டவைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடும். வார்னிஷ் பிடித்திருக்கும் அடித்தளமே பொடியாகிறது. அப்புறம் எவ்வளவு விலை கொடுத்த படலமானாலும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

இங்கே ஒரு சமாதானமும் சொல்ல வேண்டும். பூச்சே இல்லாமல் விட்டால் கட்டை சாம்பல் நிறமாகும், பயந்துவிடாதீர்கள். லிக்னின் கழன்று மழையில் போனபின் மிஞ்சுகிற நாரின் நிறம் அது. வெயிலும் மழையும் சேர்ந்து மேற்பரப்பைத் தேய்ப்பது பைன் மாதிரி மென்மரத்திலேயே நூறு வருடத்துக்குச் சுமார் 6 மில்லிமீட்டர்தான் என்று மர ஆய்வு செய்கிறவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள், சால் மாதிரி கனமரத்தில் இன்னும் குறைவு. ஆக, சாம்பல் நிறம் கட்டையைக் கொல்லாது. கொல்வது உள்ளே தங்கும் ஈரம். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடித்து மக்காது. ஏற்காட்டில் ஜூனிலிருந்து டிசம்பர் வரை, மழை இல்லாத நாளிலும் பனிமூட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிற இடத்தில், அந்த 20-க்குக் கீழே கொண்டுவருவதுதான் பாடு.

இரண்டாவது, கறுப்பு பிட்டுமன் பெயிண்ட், ரோட்டுத் தார் வகை. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணில் படும் அடிப்பக்கத்துக்கு மட்டும் அடித்தோம், அங்கே சரியாகவே இருக்கிறது, மலிவு. மொட்டை மாடிப் பெஞ்சின் ஓரத்தில் கொஞ்சம் மேல்பக்கமும் அடித்துப் பார்த்தேன். சேலத்துச் சித்திரை வெயிலில் இளகிப்போய் அம்மா புடவையில் ஒட்டிக்கொண்டது, இன்றுவரை அந்தக் கறை போகவில்லை. மேல்பக்கத்துக்கு வேண்டாம். அடிப்பக்கத்துக்கு அடித்தாலும் அதை நம்பி நேராக மண்மேல் கட்டையை வைக்காதீர்கள். நாங்கள் ஒவ்வொரு படிக்கும் கீழே அரை அடி பள்ளம் எடுத்து ஒன்றரை இஞ்சு ஜல்லி கொட்டி, தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத்தான் வைத்தோம். தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லி கொட்டுவதற்கும் அது ஒரு காரணம்தானே, கட்டை நீரில் ஊறக் கூடாது.

மூன்றாவது, ஆளிவிதை எண்ணெய். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பெயிண்ட் கடை, பழைய கடை, மரப்படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். வார்னிஷ் உரிந்த கதையைச் சொல்லி இன்னொரு டப்பா கேட்டபோது கடைக்காரர் எடுத்துக் கொடுக்கவில்லை. "கதவுக்கு அடிக்கறத கட்டைக்கு அடிச்சா நிக்காதுங்க. குடிக்கற மாதிரி ஏதாவது கொடுங்க, மேல போத்தற மாதிரி கொடுக்காதீங்க" என்றார். விற்க வேண்டிய பொருளை விற்காமல் இப்படிச் சொல்கிற கடைக்காரர் கிடைப்பது பெரிய விஷயம். அன்றிலிருந்து வீட்டுக்குச் சின்ன பிரஷ் வாங்குவதுகூட அங்கேதான்.

அவர் சொன்னபடி கொதிக்கவைத்த வகை ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து முதல் கை, எண்ணெய் முக்கால் டர்பன்டைன் கால் என்று இரண்டாவது கை. பச்சை எண்ணெய் வாங்கிவிடாதீர்கள், வாரக்கணக்கில் காயாது, பிசுபிசுப்பிலேயே தூசி ஒட்டும். பூசி அரைமணி நேரம் விட்டு, மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு கிளம்பும், சுருட்டி வைத்தால் சூடு வெளியேற முடியாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி வையுங்கள், அல்லது கொடியில் விரித்துக் காயப்போடுங்கள். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், காப்பிக் குடோன் பக்கத்தில் வேலை செய்த எங்களுக்கு இது பெரிய கவலையாகவே இருந்தது.

மொட்டை மாடியில் இருக்கிற பெஞ்சு பயன்பட்டது இங்கேதான். ஒரே எண்ணெய், ஒரே வாரத்தில் பூசியது. சேலத்தில் எட்டு மாதம் அருமையாக இருந்தது, அப்புறம் வெயிலில் வெளிறி வறண்டது. தண்ணீர் தெளித்தால் முத்தாக உருளாமல் உடனே உறிஞ்சியது. திரும்ப ஒரு கை பூசினால் பழையபடி. ஏற்காட்டில் ஐந்தாவது படியிலிருந்து எட்டாவது படி வரை அதே எண்ணெய் ஐப்பசிக்குள் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்தது. ஆளிவிதை எண்ணெய் பூஞ்சணத்துக்கு ஒரு வகையில் சாப்பாடு, தனியாகப் பூஞ்சை மருந்து சேர்க்காவிட்டால் பனி இடத்தில் இப்படித்தான் ஆகும். ஆக, வெயில் ஊரில் ஆளிவிதை எண்ணெய், வருடத்துக்கு இரண்டு முறை பூசப் பொறுமை இருந்தால் தாராளமாக வாங்கலாம். மலைக்கு வேண்டாம். 1500 மீட்டர் உயரத்துக்கும் 300 மீட்டருக்கும் ஒரே டப்பா சரிவராது, கடையில் கேட்கும்போது ஊரைச் சொல்லிக் கேளுங்கள்.

நடுவில் வேறு சில யோசனைகளும் வந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓட்டு எண்ணெய் கிடைக்கும், படகுக்கும் மரத்துக்கும் பூசுவது பழைய பழக்கம், நல்ல காப்புதான். ஆனால் பச்சையாகத் தோலில் பட்டால் வெந்துபோகும், கையுறை இல்லாமல் தொடவே முடியாது. ஆட்கள் தயங்கியதால் விட்டுவிட்டோம். வண்டியில் வடித்த கழிவு ஆயில் அடிக்கச் சொன்னவர்கள்தான் அதிகம், ஓசியில் கிடைக்கிறது என்று. தயவுசெய்து வேண்டாம். மழைக்கு அது கழுவிக்கொண்டு போகும், கீழே இருப்பது காப்பிச் செடியும் ஓடையும்.

நான்காவதுதான் இப்போது 14 படியிலும் இருப்பது. எண்ணெய் அடிப்படையில், நிறத்தூள் கலந்த, உள்ளே இறங்கும் வகை வெளிப்புற வுட் ஸ்டெய்ன். பூஞ்சை மருந்து சேர்த்தது. டப்பாவில் "படலம் உண்டாக்காது" என்ற பொருளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஸ்டெய்ன் என்ற பெயரிலேயே வார்னிஷ் கலந்ததும் விற்கிறார்கள், அதுவும் உரியும். விலை ஆளிவிதை எண்ணெயைப்போலச் சுமார் மூன்று மடங்கு. நடுத்தரப் பழுப்பு எடுத்தோம். நிறம் எதற்கென்றால் அழகுக்கு மட்டும் இல்லை, அந்த நிறத்தூள்தான் வெயிலைத் தடுக்கிறது. நிறமே இல்லாததை எடுத்தால் பாதிப் பயன் போய்விடும், அடர்த்தியாக எடுத்தால் மரத்தின் ரேகை தெரியாது.

முதல் தடவை ஒன்பதாவது படியிலிருந்து கீழே ஆறு படிக்கு மட்டும் பூசினோம். ஒரு மழைக்காலம் முடிந்து பார்த்தால் நிறம் மங்கியிருந்தது, கால் படும் நடுப்பகுதியில் தேய்ந்திருந்தது, ஆனால் எங்கேயும் உரியவில்லை. உரியாததுதான் எனக்குப் பெரிய விஷயம். திரும்பப் பூசுவதற்குச் சுரண்ட வேண்டாம், உப்புத்தாள் போட வேண்டாம். தென்னந்துடைப்பமும் தண்ணீரும் போட்டுப் பாசியைத் தேய்த்துக் கழுவி, நாலைந்து நாள் காயவிட்டு, ஒரு கை பூசினால் முடிந்தது. 14 படிக்கும் இரண்டு பேர் ஒரே நாளில் முடித்துவிடலாம். நடக்கிற மேல்பக்கத்துக்கு வருடத்துக்கு ஒரு முறை வேண்டும், செங்குத்தாக நிற்கும் முகப்புக்கு இரண்டு மூன்று வருடம்கூடத் தாங்கும் என்று தெரிகிறது. இன்னொன்று, இழைத்து வழவழப்பாக்கிய துண்டைவிடச் சொரசொரப்பாக விட்ட துண்டு அதிகம் குடித்தது, அதிக நாள் தாங்கியது. எனவே தச்சரைக் கூட்டிவந்து கட்டையை இழைக்காதீர்கள். அவரும் வர மாட்டார், ஆணித் துண்டும் ஜல்லியும் உள்ளே புதைந்திருக்கும், உளியும் ரம்பமும் போய்விடும்.

பூசும் காலம் தைப் பொங்கல் முடிந்து பங்குனிக்குள். ஏற்காட்டில் அதுதான் கட்டை உண்மையிலேயே காய்ந்திருக்கும் சமயம், சித்திரை வந்தால் கோடை மழை தொடங்கிவிடும். காலைப் பனி விலகி வெயில் ஏறினபின் பத்து மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிக்குள் நிறுத்திவிடுங்கள்.

ஸ்டெய்னுக்கு முன்னால் ஒரு வேலை செய்தோம், பலரும் இதைச் செய்வதில்லை. வெங்காரமும் போரிக் பவுடரும், கேரம் போர்டில் தூவுகிற அதே பவுடர்தான், வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு தடவை பூசினோம். இரண்டிலும் இருக்கும் போரான் மரத்து ஈரத்தோடு உள்ளே பரவும், கறையானுக்கும் மக்கவைக்கும் பூஞ்சைக்கும் ஆகாது. ஆனால் தண்ணீரில் கரைகிற பொருள் தண்ணீரிலேயே போய்விடும், மேலே எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் பெரும்பகுதி கழுவிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் பயன். கரைசல் பூசினபின் கட்டை நன்றாகக் காயும்வரை ஸ்டெய்னைத் தொடாதீர்கள்.

வழுக்கல் பற்றியும் கேட்பீர்கள். எந்தப் பூச்சானாலும் பனியில் பாசி பிடிக்கத்தான் செய்யும். படியின் நடுவில் கோழி வலையை இழுத்துப் பிடித்து ஆணி அடித்துவிட்டோம், மாமா எழுபது வயதில் கைத்தடி இல்லாமல் இறங்குகிறார்.

இனிமேல் சொல்வதுதான் நான் இவ்வளவும் எழுதியதற்குக் காரணம். பூச்சு எதுவானாலும் அது கட்டையின் தோலுக்குத்தான். தண்ணீர் போவது தோல் வழியாக அல்ல. கட்டையின் இரண்டு நுனியிலும் நாரின் வாய் திறந்திருக்கிறது, அந்த வழியாகப் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகத்தில் உறிஞ்சும். சோதனைக்கு வெட்டின துண்டில் பக்கவாட்டில் ஒரு கரண்டி ஸ்டெய்ன் ஊற்றினேன், மெதுவாக ஊறியது. நுனியில் ஊற்றினேன், ஊற்ற ஊற்றக் குடித்துக்கொண்டே இருந்தது. கேங்கில் இருந்தபோது நுனி பிளக்காமல் இரும்புப் பட்டை கட்டுவார்கள், நுனிக்குத் தார் அடிப்பார்கள் என்று அப்பா சொல்வார். அதே காரணம்தான். டப்பாவில் பாதி நுனிகளுக்கே போனாலும் பரவாயில்லை, இனி குடிக்காது என்று ஆகும்வரை நுனிக்குக் கொடுங்கள். வெடிப்பு அதிகம் இருக்கும் பக்கம் கீழே வருகிறமாதிரி கட்டையைப் புரட்டிப் போடுங்கள். வெடிப்பில் மக்கு (புட்டி) போட்டு அடைக்காதீர்கள், கட்டை அசைந்ததும் மக்குக்கும் மரத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு அங்கேயே தண்ணீர் தேங்கும்.

மூன்றாவது வாய், ஆணி ஓட்டை. ஒவ்வொரு கட்டையிலும் தண்டவாளத்தைப் பிடித்திருந்த ஆணி அடித்த ஓட்டைகள் இருக்கும், பிடுங்கி வேறு இடத்தில் அடித்த பழைய ஓட்டைகளும் இருக்கும். மேலிருந்து கீழே நேராக இறங்குகிற கிணறு மாதிரி. முதல் மழைக்காலத்துக்கு முன் அப்பா படியேறி வந்தபோது பூச்சைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஓட்டையை அடைச்சியாப்பா?" என்றுதான் கேட்டார். அடைத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே தோட்டத்தில் கிடந்த தேக்குச் சிராய்களை எடுத்துக் கத்தியால் முளைக்குச்சிகளாகச் செதுக்கி, எண்ணெயில் முக்கி, சுத்தியலால் அடித்து, மேலே நீட்டினதை அறுத்து ஒவ்வொரு ஓட்டையாக மூடினார். மொத்தம் நூறுக்கு மேல் இருக்கும். அவர்கள் பாதையில் செய்த வேலைதான் அது, கைக்கு மறக்கவே இல்லை.

போன மாதம் வருடாந்திரப் பூச்சுக்காகக் கழுவும்போது பதினோராவது படி காலுக்குக் கொஞ்சம் மெத்தென்று பட்டது. மேலே பார்த்தால் ஸ்டெய்ன் நன்றாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது, தண்ணீர்கூட முத்தாக உருண்டது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், நான்கு விரல் ஆழம் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. உள்ளே காப்பிச் சக்கை மாதிரி மக்கியிருந்தது. தோண்டிப் பார்த்தால் ஒரு ஆணி ஓட்டை, பழைய மண்ணும் தாரும் இறுகி அடைத்துக்கொண்டு மரம் மாதிரியே இருந்ததால் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கிறது. மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மூன்று வருடமாக உள்ளே கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் கையில் இருக்கும் நல்ல பூச்சு அது, அதனாலும் இதைத் தடுக்க முடியவில்லை. பூசுவதற்கு முன் ஒவ்வொரு கட்டையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சந்தேகப்படும் இடமெல்லாம் ஆணியால் குத்திப் பாருங்கள். கறுப்பு வட்டம் எங்கே தெரிந்தாலும் அது ஓட்டைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராவது படியைக் கழற்றிவிட்டோம். நுனியில் ஒரு முழம் மட்டும் வைரம் அப்படியே இருக்கிறது, அதை அறுத்து அப்பா சேலத்துக்கு எடுத்துப் போயிருக்கிறார், அடுத்த கட்டைக்கு முளைக்குச்சி செதுக்க. கட்டை இன்னும் கிடைக்கவில்லை. பங்குனிக்குள் கிடைத்தால் இந்த வருடமே போட்டுவிடலாம், இல்லாவிட்டால் மழைக்காலம் முடியும்வரை அந்த இடத்தில் ஜல்லி மூட்டைதான்.